காற்றை அடக்கினால் கறி வேகும்: ஈப்போவில் ஒரு கரி ஸ்மோக்கர்

சத்தே சுடுகிறவர் தணலுக்கு விசிறிக்கொண்டே இருப்பார். ஸ்மோக்கரில் வேலை நேர்மாறு: தணலுக்குக் காற்று அதிகம் போய்விடாமல் காக்க வேண்டும். கரி மெல்லக் கனன்று, 110 முதல் 120 பாகை செல்சியஸ் வெப்பம் ஆறேழு மணி நேரம் அசையாமல் நின்றால் ஆட்டுத் தோள்கறி எலும்பிலிருந்து தானே கழன்று வரும். ஆகவே ஸ்மோக்கர் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது காற்றை எவ்வளவு அடக்கும் என்பதுதான். ஈப்போவில் ஒரு வரிசை வீட்டின் பின்கட்டில் சில மாதங்களாக ஓட்டிவரும் ஸ்மோக்கரை அந்தக் கேள்வியை வைத்தே எடைபோடுகிறேன்.

அமைப்பு

'புல்லட்' என்று சொல்லும் நெட்டுக்குத்தான உருளை இது. அமெரிக்காவின் வெபர் நிறுவனம் 1981-இல் 'ஸ்மோக்கி மவுண்டன்' என்ற பெயரில் விற்கத் தொடங்கியபின் பரவிய வடிவம். என்னிடம் இருப்பது அதே அமைப்பில் செய்த மலிவுப் பதிப்பு. விட்டம் சுமார் 45 சென்டிமீட்டர், விலை 400 ரிங்கிட்டுக்கு உள்ளே. அடியில் கரிக்கூடை, அதன்மேல் தண்ணீர்ச் சட்டி, அதற்கும் மேலே இரண்டு கம்பித்தட்டுகள், உச்சியில் மூடி. அடிப்பாகத்தில் மூன்று காற்றுத் துளைகள், மூடியில் ஒன்று. கரி சேர்ப்பதற்குப் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு.

தண்ணீர்ச் சட்டியை அலட்சியப்படுத்தாதீர்கள். தணலின் நேர்ச்சூட்டைக் கறியின்மேல் விழாமல் தடுப்பது அதுதான். தண்ணீர் 100 பாகைக்குமேல் சூடாகாது என்பதால் உள்ளே வெப்பம் திடீரென்று எகிறவும் விடாது.

குறைகளும் உண்டு. தகரம் மெல்லியது, மூடியில் நாலு துளி மழை விழுந்தால் வெப்பம் இறங்கிவிடுகிறது. பிற்பகல் மழைக்குப் பேர்போன ஊரில் இது சின்ன விஷயமல்ல. காலையிலேயே மூட்டிவிடுவது நல்லது. பக்கக் கதவு சட்டத்தோடு சரியாகப் பொருந்தவில்லை. அடுப்புக் கதவுகளுக்கு ஒட்டும் வெப்பம் தாங்கும் நாடாவைச் சுற்றிலும் ஒட்டியபிறகே கசிவு நின்றது. மூடியிலுள்ள வெப்பமானி, கறி இருக்கும் தட்டைவிட 15, 20 பாகை குறைத்துக் காட்டுகிறது. அதை நம்பாமல் இரண்டு கம்பிகள் கொண்ட டிஜிட்டல் வெப்பமானி ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள். ஒரு கம்பி தட்டுக்கு, இன்னொன்று கறிக்குள்.

கரி

இந்த விஷயத்தில் பேராக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். தைப்பிங்கை அடுத்த கோலா செபெத்தாங்கில், பழைய பெயரில் போர்ட் வெல்ட்டில், மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் பாக்காவ் மரங்கள் கரியாகின்றன. சுமார் 40,000 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் காட்டை முப்பதாண்டுச் சுழற்சியில் வெட்டி, மீண்டும் நட்டு வளர்க்கிறார்கள். குவிமாடம் போன்ற செங்கல் சூளையில் மரத்தை நெருக்கி நிறுத்தி, வாயில் மட்டும் தீ வளர்த்து, பிறகு அடைத்து ஆறவிட ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். உள்ளே இருக்கும் மரத்தில் தீப்பிடிக்கக் கூடாது. சூட்டில் ஈரமும் எண்ணெயும் மட்டும் வெளியேற வேண்டும். மரத்தின் பதத்தைச் சூளைக்காரர் வெளிவரும் புகையை வைத்தே சொல்லிவிடுவார்.

பாக்காவ் கரி கெட்டியானது, புகை குறைவு, நெடுநேரம் நிற்கும். ஆனால் நீளநீளக் கட்டையாக வருகிறது. சுத்தியலால் தட்டி முட்டையளவுக்கு உடைத்தால்தான் கூடையில் சீராக எரியும். கூடை நிறைய எரியாத கரியைக் கொட்டி, நடுவில் பத்துப் பன்னிரண்டு கனிந்த துண்டுகளை மட்டும் வையுங்கள். ஜிம் மினியன் என்ற அமெரிக்கர் பெயரால் வழங்கும் முறை இது. தணல் ஒவ்வொரு துண்டாகத் தொற்றிப் போகும். என் ஸ்மோக்கரில் நான்கு கிலோ கரி ஆறேழு மணி நேரத்துக்குத் தாராளமாகப் போதும்.

மணத்துக்கு நன்கு காய்ந்த ரம்புத்தான் கட்டை இரண்டு மூன்று துண்டு. ஊறவைக்க வேண்டாம், ஊறிய கட்டை முதலில் நீராவியைத்தான் விடும். பால்மரக் கட்டை மலிவாகக் கிடைக்கிறதே என்று மேசை நாற்காலிப் பட்டறையின் துண்டுகளைப் போட்டுவிடாதீர்கள். வண்டு அரிக்காமலிருக்க அவற்றில் போரான் மருந்து ஏற்றியிருப்பார்கள்.

மருந்து ஏறாத பால்மர விறகின் புகை தோட்டப்புறத்துக்குப் பழகியதுதான். பாலை உறையவைத்து, உருளையில் அழுத்தி, ஷீட்டாக்கி, புகைக்கூடத்தில் 60 பாகைக்கு மேல் போகாத சூட்டில் நாட்கணக்கில் தொங்கவிடும் வேலையில் எத்தனையோ தமிழர்கள் இருந்தார்கள். சூடு கூடினால் ஷீட்டில் கொப்புளம் கிளம்பித் தரம் இறங்கிவிடும். 1965-இல், புகை போடத் தேவையில்லாத கட்டி ரப்பருக்கான தர முறை வந்தது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. புகைக்கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அங்கே தீ பார்த்த பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால் ஸ்மோக்கர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். எந்தக் கையேட்டையும்விட நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்.

ஓட்டம்

மேல் துளையை எப்போதும் திறந்தே வையுங்கள். வெப்பத்தை அடித் துளைகளால் மட்டும் கட்டுப்படுத்துங்கள். மேலே அடைத்தால் பழம்புகை தேங்கிக் கறி கசக்கும். தொடக்கத்தில் வரும் தடித்த வெள்ளைப் புகை அடங்கி, கண்ணுக்குத் தெரியுமோ தெரியாதோ என்ற மெல்லிய நீலப் புகை வந்தபிறகே கறியை ஏற்றுங்கள். 100 பாகையைத் தாண்டும்போதே துளைகளைப் பாதிக்குமேல் மூடிவிட வேண்டும். ஏறிய வெப்பத்தை இறக்குவது பெரும்பாடு.

கார் போர்ச்சுக்குள் வேண்டவே வேண்டாம். நெடியாவது மூக்குக்குத் தெரியும். கரித்தணல் விடும் கார்பன் மோனாக்சைடு தெரியாது.

கறி

ஆஸ்திரேலிய, நியூசிலாந்து செம்மறித் தோள்கறிக்கு என்றே செய்ததுபோல் இருக்கிறது. கொழுப்பும் சவ்வும் உள்ள பாகம் அது. மிளகு, சோம்பு, மல்லி, மஞ்சள், உப்பு தடவி முந்தின இரவே வைத்துவிட்டால் போதும். உள்வெப்பம் 68 பாகைக்கு அருகே வந்ததும் ஏறாமல் நின்றுவிடும். கரி தீரவில்லை, கறியின் ஈரம் ஆவியாகித் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. பொறுத்திருங்கள், அல்லது வாழையிலையில் பொதிந்து மேலே அலுமினியத் தாளால் இறுக்கிச் சுற்றுங்கள். 93 பாகையில் சவ்வெல்லாம் கரைந்து விரலால் பிய்க்க வரும். மிஞ்சியதை மறுநாள் பிரட்டினால் இன்னும் ருசி.

உள்ளூர் வெள்ளாட்டுத் தொடை சரிப்படவில்லை. கொழுப்பில்லாத கறி வறண்டுபோகிறது. அதற்குக் குழம்புச்சட்டியே மேல். கோழி நன்றாக வருகிறது, ஆனால் 115 பாகையில் தோல் ரப்பராகிவிடும். தண்ணீரைக் கொட்டிவிட்டு 150-க்கு ஏற்றுங்கள். உள்ளே 74 பாகையைத் தொட்டபிறகு எடுங்கள். சாலாய் கெளுத்திபோல மீனை உலர்த்திப் புகைக்கும் அளவுக்கு வெப்பத்தைத் தாழ்த்த இந்த உருளையால் முடியவில்லை. 30 பாகைக்குக் கீழே போடும் குளிர்ப்புகை பற்றிப் பேசவே வேண்டாம். ஈப்போ வெயிலே அதைத் தாண்டிவிடும். புகை போட்ட கறி கெடாது என்றும் நினைக்காதீர்கள். இது சமைத்த கறி. இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும்.

யாருக்கு

ஞாயிற்றுக்கிழமைக் காலையைக் கொடுக்க மனமுள்ளவர், பின்கட்டில் திறந்த இடமுள்ளவர், ஆட்டுக்கறி விரும்பும் பெரிய குடும்பம் வாங்கலாம். அரைமணியில் தட்டுக்கு வர வேண்டும் என்பவருக்குச் சத்தே அடுப்பே போதும். இந்த விலையில் நாடா ஒட்டிச் சரிசெய்யும் வேலை உங்கள் தலையில்தான் விழும். அதற்குச் சம்மதம் என்றால் நல்ல பேரம். பணம் கொடுக்குமுன் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள்: கைப்பேசி விளக்கை எரியவிட்டு உள்ளே வைத்து, துளைகளை அடைத்து, மூடியை மூடுங்கள். வெளிச்சம் கசியும் இடத்திலெல்லாம் காற்றும் கசியும். கதவோரத்தில் கீற்றாகத் தெரிந்தால் நாடா போதும். மூடியைச் சுற்றி வட்டமாகத் தெரிந்தால் வேறொன்றைக் காட்டச் சொல்லுங்கள்.