ரப்பர் மீன் விழும் நேரம்

கொடுவா கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. பாலத்துத் தூணுக்குப் பின்னால், இழுவை உடைந்து சுழலும் நிழலில் நீரை எதிர்த்து நிற்கும். வற்றம் தொடங்கியதும் கழியின் மேடுகளிலிருந்து இறாலும் மடவைக் குஞ்சும் தண்ணீரோடு அடித்துக்கொண்டு வரும். ஒன்று எட்டும் தூரத்துக்கு வந்ததும் வாயைத் திறந்து செவுளை விரிக்கிறது. தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடுகிறது. கரையில் நிற்பவர் காதில் 'டொப்' என்று ஒரு சத்தம் மட்டும் விழும். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டிலும் வடக்கே பழவேற்காட்டிலும் ராடும் ரீலுமாக அலைகிறவர்கள் அந்தச் சத்தத்துக்காகத் தூக்கத்தைத் தொலைத்தவர்கள்.

தூண்டிலில் உயிர் இறாலா, ரப்பர் மீனா என்ற வழக்கை இந்த வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். தடையில்லாமல் மிதந்து வருவது எதுவானாலும் உறிஞ்சலோடு உள்ளே போகும். தூண்டில் நூலான தங்கூசியின் பிடியில் விறைத்து நிற்பது வாசல்வரை வந்து வெளியிலேயே நின்றுவிடும். இறாலுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரப்பருக்கு நம் மணிக்கட்டுதான் சொல்லித்தர வேண்டும்.

இறாலின் பெருமையை முதலிலேயே பேசிவிடுகிறேன், ஏனென்றால் என் மனம் ரப்பர் பக்கம் சாய்ந்தது. கழிகளில் இருளர் பெண்கள் நீருக்குள் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வியிருப்பார்கள். அப்படிக் கையால் எடுத்த, காயம் படாத வெள்ளை இறாலுக்கு மேலான இரை இந்தக் கரையில் இல்லை. வாளியில் குமிழி விடும் சின்ன மோட்டார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், வாளி வெயிலில் இருக்கக் கூடாது. முள் கோப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. தலையில் ஓட்டின் வழியே ஒரு கரும்புள்ளி தெரியும். அதைத் தொடாமல், கொம்பின் அடியில் கோத்தால் இறால் முள்ளைச் சுமந்துகொண்டே நீந்தும். புள்ளியில் குத்தினால் அந்த நொடியே செத்தது. சரியாகக் கோத்த இறால் கொடுவாவைக் கண்டு மிரளும்போது வாலை மடக்கிப் பின்பக்கமாக ஒரு துள்ளு துள்ளும். அந்தத் துள்ளலை அப்படியே செய்யும் ரப்பரை நான் பார்த்ததில்லை. படகுக்காரர் ஒருவர் என் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இம்மாம் ரப்பரா? மீனு இன்னா தம்பி, அழிச்சி அழிச்சி எழுதப் போவுதா?" என்றார். பதில் சொல்லத் தோன்றவில்லை.

ஆனால் இறாலுக்கு ஊரெல்லாம் உறவு. கொடுவாவுக்கென்று போட்டதைக் கீச்சான் கூட்டம் கொத்திக் கொத்தி ஓட்டை மட்டும் மிச்சம் வைக்கும். அடியில் கிடந்தால் நண்டு வந்துவிடும். வெறும் முள்ளைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு தவம் இருப்பதும் இந்தக் கலையின் ஒரு பகுதி என்று பெரியவர்கள் சொல்வார்கள்; எனக்கு அந்தப் பக்குவம் வரவில்லை. இன்னொன்று: உண்மையான உணவை மீன் துப்புவதில்லை, விழுங்குகிறது. முள் தொண்டைக்குள் போய்விடும். சிறியதைத் திரும்ப விட நினைத்தாலும் அது பிழைப்பது அரிது. இரை போடுகிறவர் உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளைப் போட்டால் அது வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டும். வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக ரீலைச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இனி ரப்பர். அதில் ரப்பர் துளியும் கிடையாது. 1949இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், டயர் ஆலைகளுக்குப் பேர்போன ஆக்ரான் நகரில், நிக் க்ரீம் என்பவரும் மனைவி காஸ்மாவும் வினைலும் எண்ணெயும் நிறமியும் சேர்த்துக் காய்ச்சி மண்புழு அச்சில் ஊற்றினார்கள். இன்று கடையில் தொங்கும் அத்தனை மென்பிளாஸ்டிக் மீன்களுக்கும் புழுக்களுக்கும் அந்த வீட்டு அடுப்புதான் பிறந்த வீடு. சரக்கு எளிமையானது: வீட்டுக் குழாய்க்குப் போடும் அதே பி.வி.சி.யின் தூள், அதை இளக வைக்கும் எண்ணெய். கலந்தால் பால் போலிருக்கும். சூடேறும்போது முதலில் திரளும், 170, 180 டிகிரி செல்சியஸ் வாக்கில் தெளிந்து பாகாகும், ஆறினால் ஜவ்வாகிவிடும்.

எல்லாச் சூட்சுமமும் அந்த எண்ணெயின் அளவில் இருக்கிறது. எண்ணெய் கூடினால் உடல் குழையும், நீர் லேசாகத் தள்ளினாலே வால் அடிக்கும். ஆனால் இரண்டு கடியில் கிழிந்துவிடும். குறைந்தால் ஒரு சீசன் உழைக்கும், வாலோ மரக்கட்டை. நல்ல ரப்பர் மீனைக் கடையில் கண்டுபிடிக்க நான் நிறத்தைப் பார்ப்பதில்லை. தலையைப் பிடித்துக் கிடையாக நீட்டி, கையை மெல்ல அசைப்பேன். வால் தனியாக ஆடினால் வாங்கலாம். உடம்பு முழுக்க ஆடினால் இன்னும் நல்லது. வாங்கியதை அதன் உறையிலேயே வைத்திருக்க வேண்டும். அந்த எண்ணெய் சும்மா இருக்காது. ஒத்துவராத பிளாஸ்டிக் பெட்டியின் அடியையே இளக்கிவிடும், வேறு வகை ரப்பரோடு சேர்ந்தால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். சித்திரை வெயிலில் காருக்குள் மடங்கிக் கிடந்த வால் மடங்கினபடியே நின்றுவிடும், பிறகு அது நேராக நீந்தாது.

என் கட்சிக்கு வருகிறேன். ரப்பர் மீனின் அழகு அது நீந்துவதில் இல்லை, விழுவதில் இருக்கிறது. ஈயத் தலையோடு வார்த்த முள்ளில், அதாவது ஜிக் ஹெட்டில், மூன்று நான்கு அங்குல மீனைக் கோத்து இழுவைக்கு மேல்பக்கம் வீசுகிறோம். அடியைத் தொட்டதும் ராடின் நுனியை இரண்டு முறை எடுத்து, நிறுத்துகிறோம். மீன் எழும்பி, ஒரு கணம் தயங்கி, தலைகுப்புற இறங்குகிறது. இறங்கும்போதும் துடுப்பு வால் அடித்துக்கொண்டே இருக்கிறது. கொடுவா வாங்குவது பெரும்பாலும் அந்த இறக்கத்தில்தான். தங்கூசி அப்போதுதான் தளர்கிறது, அப்போதுதான் உறிஞ்சலோடு மீன் தடையில்லாமல் போகிறது. அடிபட்ட குஞ்சு சோர்ந்து மூழ்குவதும் அப்படித்தான். ஓயாமல் சுற்றுகிறவர்கள் ரீலைத்தான் ரசிக்கிறார்கள். இடம் விட்டு எடுக்கத் தெரிந்த பாடகரைப் போல, நிறுத்தத் தெரிந்தவருக்கே இது கைகூடும்.

எவ்வளவு நேரம் விழ விடுவது என்பதை ஈயம் தீர்மானிக்கிறது. ஏழு கிராம் தலை இறங்கும் நிதானம் பதினான்கு கிராமில் கிடைக்காது. ஆனால் வற்றம் முறுகும்போது ஏழு கிராம் அடியைத் தொடாமலே அடித்துப் போய்விடும். தரை தட்டுவது விரலுக்குத் தெரிகிற அளவில் மிக லேசான தலையே சரியானது. வற்றம் கூடக் குறைய மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நீளாத பின்னல் நூல் இருந்தால் அந்தத் தட்டல் விரலுக்கு வரும். நுனியில் மட்டும் தடித்த ஃபுளோரோகார்பன் முழம் இரண்டு கட்ட வேண்டும், கொடுவாவின் செவுள் மூடி கத்தி. கையைக் கொடுத்தாலும் அறுக்கும்.

அப்படியானால் இறால் எப்போது? கண்ணால் வேட்டையாட முடியாத நேரத்தில். மழை வெள்ளம் இறங்கிக் கழி தேநீர் நிறத்தில் கிடக்கும்போதும், ஏற்றம் வற்றம் இரண்டும் நின்று நீர் அசையாத இடைவேளையிலும் நான் வாளியைத்தான் தூக்குவேன். வால் அடிக்கும் அதிர்வை மீன் தன் பக்கக்கோட்டால் உணரும் என்பது உண்மைதான். ஆனால் வாசனையும் ருசியும் உள்ள இறாலோடு ரப்பர் போட்டி போட முடியாது. கெளுத்திக்கோ ரப்பர் வீசுவது வீண் வேலை. மீசையில் மட்டுமல்ல, உடம்புத் தோலெங்கும் சுவை மொட்டுகள் கொண்ட மீன் அது. தெளிந்த நீர், ஓடும் இழுவை, மீன் எந்தத் தூணில் நிற்கிறது என்று தெரியாத விடியல் என்றால் ரப்பர்தான். இறால் ஓரிடத்தில் காத்திருக்கும் நேரத்தில் ரப்பர் நாலு தூணைத் தட்டிப் பார்த்துவிடும்.

கொடுவாவின் குணமும் இதற்கு ஒத்துழைக்கிறது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997இல் அதைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. முட்டுக்காட்டில் அந்த நிலையத்துக்கு ஓர் ஆய்வுக்களமும் உண்டு. வளர்ப்புக் குஞ்சுகளை உயிர் இரையிலிருந்து தீவனத் தூளுக்குப் பழக்கிவிடலாம். ஆனாலும் அடிக்கடி அளவு பிரித்து வைக்காவிட்டால் பெரியது சிறியதை விழுங்கிவிடும். வயிறு நிறையத் தீவனம் கிடைத்தும், பக்கத்தில் துடிப்பதைக் கண்டால் கூடப்பிறந்தது என்று பார்க்காத மீன் அது. ரப்பர்காரரின் பிழைப்பு முழுவதும் அந்தப் பசியில்லாத பசியை நம்பித்தான்.

ஏரிக்கரையில் விராலுக்கு இந்த விவாதமே தேவையில்லை என்பது என் கருத்து. உயிர்த் தவளையை முள்ளில் மாட்டுவது பழைய வழக்கம்; எனக்கு அது பார்க்கச் சகிக்காது, அதோடு தவளையும் முள்ளும் கொடியில் சிக்கிக்கொள்ளும். உள்ளே காலியான ரப்பர் தவளையின் இரண்டு முட்களும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும். தாமரை இலைமேல் தாவும், ஆகாயத்தாமரைமேல் ஊரும், எதிலும் மாட்டாது. விரால் வாயை மூடினால் உடல் அமுங்கி முள் வெளியே வரும். நீர் வெடித்ததும் இழுக்காமல் நூல் நகரும்வரை பொறுப்பதுதான் கஷ்டம். ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும். செம்மஞ்சள் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து கொப்பளிக்கும் இடத்தில் கீழே தாய் தகப்பன் காவல் இருக்கும். அங்கே தவளையை வீசினால் நிச்சயம் அடிக்கும், பசியால் அல்ல, பிள்ளைக்காக. அங்கே வீசிப் பிடித்ததைப் பெருமையாகப் படம் எடுப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ரப்பரின் மேல் உள்ள பெரிய குறை அது மக்காது என்பதே. கிழிந்ததைத் தண்ணீரில் எறிந்தால் இன்னொரு மீன் விழுங்கி வயிற்றில் சுமக்கும். கழியில் பேத்தை மீன்கள் வாலைக் கத்தரித்தாற்போல் நறுக்கித் தள்ளும். ஒரு காலையில் பை நிறைய மொட்டை மீன்கள் சேர்ந்துவிடும். சிலர் அவற்றைச் சேர்த்து வைத்து உருக்கி மறுபடி அச்சில் ஊற்றுகிறார்கள். புகை ஆகாது, திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். பச்சை, வெள்ளி, சிவப்பு எல்லாம் கலந்து கடைசியில் ஓர் அழுக்குக் கரும்பழுப்புதான் வரும். கடைக்காரர் அதைத் தொடமாட்டார். லேசாக மங்கிய நீரில் கீழிருந்து பார்க்கும் கொடுவாவுக்கு வேண்டியது கறுப்பாக ஓர் உருவம். அதற்கு இது தாராளம்.