பொறுப்பாளர் பட்டியல்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் மூலநிரலுக்குள் 'மெயின்டெய்னர்ஸ்' என்றொரு கோப்பு இருக்கிறது. வெறும் எழுத்துக் கோப்புதான். ஆனால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு, திருத்தத்தை யாருக்கு அனுப்புவது என்பதெல்லாம் பெயரோடு அதில் இருக்கும். கவனிக்க ஆளில்லாத பகுதியை அநாதை என்றே குறித்துவிடுவார்கள். மூடி மறைக்காத அந்த நேர்மை பெரிய விஷயம்.

திருத்தம் கைமாறும்போது, அதை ஏற்று மேலே அனுப்பும் ஒவ்வொருவரும் அடியில் தம் பெயரை எழுதி ஒப்பமிடுகிறார்கள். 2004இல் வந்த வழக்கம் இது. பின்னால் பிழை தெரிந்தால் யாரைக் கேட்பது என்று அலைய வேண்டியதில்லை.

2018 செப்டம்பரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். பொறுப்புகள் இப்படிப் பகிரப்பட்டிருந்ததால் வேலை நிற்கவில்லை. அக்டோபரில் கெர்னலின் 4.19 பதிப்பை இன்னொரு பொறுப்பாளரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் வெளியிட்டார்.