கண்ணாடி காட்டும் நிறமும் 'சிவாஜி' காட்டிய நிறமும்

2007ஆம் ஆண்டு ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்து, ஷங்கர் இயக்கத்தில் வெளிவந்த 'சிவாஜி' படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். திரையரங்கில் இல்லாவிட்டாலும் தொலைக்காட்சியிலாவது. நாயகி தன் நிறத்தைக் குறைசொல்லிவிட, நாயகன் ரஜினிகாந்த் சிவப்பாவதற்குப் படும் பாடு அதில் ஒரு நீண்ட நகைச்சுவைப் பகுதி. தொடர்ந்து வரும் பாடலில் அவர் வெள்ளைக்காரரின் நிறத்தில் ஆடுகிறார். படத்தின் கதையைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அதன் நிறத்தைப் பற்றி, ஒளியியல் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் சில சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பாராட்டு. முகத்தில் மாவு பூசி அந்த வெள்ளையைக் கொண்டுவர முடியாது. தோல் என்பது சுண்ணாம்பு அடித்த சுவரன்று. அதன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதி உள்ளே புகுந்து சிதறுகிறது. மெலனின் என்னும் நிறமியும் இரத்தமும் அதில் ஓரளவை உறிஞ்சிக்கொள்கின்றன. மிச்சம் வெளியே வருகிறது. அந்த மிச்சத்துக்குத்தான் நிறம் என்று பெயர். ஆகவே படக்குழுவினர் வெள்ளைக்காரப் பெண் ஒருவரைப் படம்பிடித்து, அவருடைய தோலின் நிறத்தைக் கணினியின் துணையால் ரஜினியின்மேல் ஏற்றினார்கள். திரைப்படத்தில் நொடிக்கு 24 சட்டங்கள், நிமிடத்துக்கு 1,440. ஒவ்வொன்றிலும் கண், முடி, உடை ஆகியவற்றை விலக்கித் தோலை மட்டும் மாற்றுவது எவ்வளவு பொறுமையான வேலை என்று எண்ணிப் பாருங்கள். சிறப்புக் காட்சிகளுக்கான தேசிய விருது அந்த ஆண்டு இப்படத்துக்குக் கிடைத்தது தகும்.

அந்த உழைப்பே, தான் அறியாமல், ஓர் உண்மையை வெளியிட்டு விடுகிறது. இன்னொருவர் தோலிலிருந்து இரவல் வாங்கிய எண்களால் உண்டானவரே 'சிவப்பான ரஜினி'. முகவெட்டிலோ நடையிலோ சிரிப்பிலோ ஒன்றும் கூடவில்லை. மெலனினை ஆக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கைகூடக் கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை ஆக்கும் நிறமியின் அளவிலும் வகையிலும்தான் வேறுபாடு. புறஊதாக் கதிர்களுக்கு எதிரான இயற்கைக் குடை அது. நம் ஊர் வெயிலுக்கு அந்தக் குடை நல்லதே.

இனிக் குறை. அதே படத்தில் சாலமன் பாப்பையாவின் மகள்களாக அங்கவை, சங்கவை என இரு பெண்கள் வருகிறார்கள். வள்ளல் பாரியின் மகளிருக்கு மரபு வழங்கிய பெயர்கள்! அவர்கள் முகத்தில் கரியைப் போன்ற பூச்சு. அவர்கள் வந்தாலே சிரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 'வேடிக்கைதானே, ரஜினியே தம் நிறத்தைக் கேலி செய்துகொள்கிறாரே' என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் ரஜினி தம்மைக் கேலி செய்துகொண்ட பிறகும் நாயகன்தான். சண்டையிடுகிறார், காதலிக்கிறார், நாட்டைத் திருத்துகிறார். அந்தப் பெண்களுக்கோ நிறத்தைத் தவிர வேறு பாத்திரமே இல்லை. வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு பெண் எந்தப் பாத்திரத்தைத் தன்னுடையதாக வீட்டுக்கு எடுத்துச் செல்வாள்? என் மனக்குறை இதுதான்.

இத்தனைக்கும் நிறத்தை எப்படிப் பார்ப்பது என்பது நம் மக்களுக்குத் தெரியாததன்று. தியாகராய நகரில், உஸ்மான் சாலையிலோ பாண்டி பஜாரிலோ புடவை எடுக்கும் தாய்மார்களைக் கவனியுங்கள். விளக்கொளியில் பளபளக்கும் புடவையை அப்படியே நம்பிவிட மாட்டார்கள். "வெளிச்சத்தில் காட்டுங்கள்" என்று வாசல்வரை எடுத்துவந்து பகலொளியில் பார்ப்பார்கள். விளக்கு மாறினால் நிறம் மாறும் என்பதை எந்தப் பாடநூலும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. அதே கடையின் தூணில் பதித்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கும் மகளோ, அந்த விளக்கு சொன்னதையே தீர்ப்பாக ஏற்றுக்கொள்கிறாள். பக்கத்தில் நிற்கும் துணிக்கடைப் பொம்மைகளும் பெரும்பாலும் வெளிர் நிறத்தவை. 1975இல் விற்பனைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பின் விளம்பரங்கள், வேலை, கல்யாணம் எல்லாமே வெளுப்புக்குக் கிடைக்கும் பரிசு என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தன. 2020இல் பெயரிலிருந்து 'ஃபேர்' நீங்கியது. சென்னையில் இயங்கும் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தை 2009இலேயே தொடங்கிவிட்டது. கறுப்பும் அழகு என்று சொல்வது நல்லதே. ஆனால் வேறு யாராவது சொல்லித்தான் நம்ப வேண்டுமென்றால், நாளை மாற்றிச் சொன்னாலும் நம்பிவிடுவோம் அல்லவா?

ஆகவே நீங்களே சோதித்துப் பாருங்கள். நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடும் பழுப்புத் தாள் ஒன்றிலிருந்து சம அளவில் இரண்டு துண்டுகளை வெட்டுங்கள். ஒன்றை வெள்ளைத் தாளின் நடுவிலும் மற்றொன்றைக் கறுப்புத் தாளின் நடுவிலும் வைத்துச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். வெள்ளையின் மேல் உள்ள துண்டு கூடுதலாகக் கறுத்துத் தோன்றும். துண்டுகளை இடம் மாற்றினால் தோற்றமும் மாறிக்கொள்ளும். கண் தனியாக எதையும் அளப்பதில்லை. அண்டை அயலோடு ஒப்பிட்டே அளக்கிறது. பிறகு ஒரு தாளில், 'நான் கறுப்பு' என்றோ 'நான் குண்டு' என்றோ உங்களைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் முடிவை எழுதி, அதன்கீழ் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: இதை முதலில் சொன்னவர் யார்? அப்போது நான் யாருக்குப் பக்கத்தில் நின்றேன்? எந்த வெளிச்சத்தில்?

அதற்குப் பின் 'சிவாஜி' படத்தை மறுபடி பார்க்க நேர்ந்தால், அங்கவையும் சங்கவையும் யார் யாருக்குப் பக்கத்தில் நிறுத்தப்படுகிறார்கள் என்று கவனியுங்கள்.