243 கேள்விகளும் 200 பவுண்டும்

பிரிட்டனில் பென்ஷன் கிரெடிட் என்று ஓர் உதவித்தொகை இருக்கிறது. வருமானம் குறைந்த முதியோருக்கு அரசு கொடுப்பது. அதற்கான விண்ணப்பத்தில் 243 கேள்விகள் இருக்கின்றன என்பது 2024-ல் அங்கே பெரிய பேச்சாக அடிபட்டது. எல்லாரும் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதத் தேவையில்லை, இணையத்தில் போட்டால் கால் மணி நேர வேலைதான் என்றது அரசு. அதுவும் சரிதான். ஆனால் படிவம் செய்வது என் பிழைப்பில் ஒரு பகுதி. பாதியில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று எங்களால் சொல்லிவிட முடியும். திறந்தே பார்க்காதவர்களைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது. இந்தப் பதிவு அவர்களைப் பற்றியது.

முதலில் கதைச் சுருக்கம். 1997-ல் லேபர் கட்சி ஆட்சிக்கு வந்ததும், நிதியமைச்சர் கோர்டன் பிரவுன் ‘விண்டர் ஃபியூவல் பேமென்ட்’ என்ற குளிர்கால எரிபொருள் தொகையைக் கொண்டுவந்தார். வீட்டுக்கு 20 பவுண்ட், ரொம்ப ஏழை என்றால் 50. 2000-ம் ஆண்டில் அது 200 ஆனது. பிறகு 80 வயது தாண்டியவர் இருக்கும் வீட்டுக்கு 300 என்றானது. நடுவில் சில வருடங்கள் கூட்டிக் கொடுத்ததைத் தவிர, இன்றுவரை அதே 200, 300தான். கால் நூற்றாண்டில் கேஸ் விலை எங்கேயோ போய்விட்டது, இந்தத் தொகை மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. முதியோருக்காகக் குரல் கொடுத்த எல்லாக் கட்சிக்கும் இதில் பங்குண்டு.

தொகை சின்னதுதான். ஆனால் இந்தத் திட்டத்தில் ஒரு நல்ல விஷயம் இருந்தது: பெரும்பாலானவர்கள் எதையும் கேட்கவே வேண்டாம். அரசு ஓய்வூதியம் வாங்குகிறவரா? பணம் தானாகக் கணக்கில் விழும். எங்கள் பாஷையில் சொன்னால் டிஃபால்ட் ‘ஆம்’.

இன்னொன்று, அதன் பெயர். பணத்தின் மேல் என்ன எழுதியிருந்தாலும் பணம் பணம்தானே என்று பொருளாதாரப் பாடம் சொல்லும். 200 பவுண்டை எரிபொருளுக்கென்று கொடுத்தாலும் அதை வைத்துப் பேரனுக்குப் பொம்மை வாங்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை. பீட்டி, ப்ளோ, கிராஸ்லி, ஓ’டே என்ற நான்கு பொருளியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அப்போது தகுதி வயது 60. அதற்குச் சற்றுக் கீழே இருப்பவர்களின் செலவையும் சற்று மேலே இருப்பவர்களின் செலவையும் ஒப்பிட்டார்கள். 2014-ல் வெளியான அந்தக் கட்டுரையின் முடிவு இது: சாதாரண வருமானமாக வந்திருந்தால் அந்தத் தொகையில் 3 சதவீதம்தான் எரிபொருளுக்குப் போயிருக்கும். உண்மையில் போனது சராசரியாக 47 சதவீதம். பெயர் வேலை செய்திருக்கிறது. ‘இது ஹீட்டர் போடுவதற்கான காசு’ என்று அரசு சொன்னதை மக்கள் ஒரு அனுமதியாக எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. ஹீட்டரைப் போடுவதற்கு முன் ஒரு முறை யோசிக்கிற வயதானவருக்கு அந்த அனுமதி சாதாரண விஷயமில்லை.

இனி 2024. ஜூலை 29 அன்று புதிய நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் ஒரு நிபந்தனை சேர்த்தார். பென்ஷன் கிரெடிட்டோ, வருமானம் பார்த்துக் கொடுக்கும் வேறு சில உதவிகளோ வாங்குகிறவர்களுக்கு மட்டுமே இனி இந்தத் தொகை. செப்டம்பர் 10 அன்று நாடாளுமன்றத்தில் 348-க்கு 228 என்ற கணக்கில் அது நிலைத்தது. ஏறத்தாழ ஒரு கோடி முதியோருக்குத் தொகை நின்றது. வருடத்துக்கு 140, 150 கோடி பவுண்ட் மிச்சமாகும் என்பது கணக்கு.

நியாயமாகப் பேச வேண்டுமானால், எதிர்த்தரப்பு வாதத்திலும் சத்து இருக்கிறது. கோடீஸ்வரருக்கும் 200 பவுண்ட் போய்க்கொண்டிருந்தது. அதே வருமானத்தில் குழந்தைகளோடு வாடகை வீட்டில் இருக்கும் இளம் குடும்பத்துக்கு இப்படி ஒன்றும் கிடையாது. ‘தேவைப்பட்டவருக்கு மட்டும் கொடு’ என்பதில் தப்பே இல்லை. என் சண்டை அந்தக் கொள்கையோடு அல்ல, அதைச் செயல்படுத்திய விதத்தோடு.

வருமானத்தை வைத்து வடிகட்டுவது என்று முடிவு செய்தாயிற்று. எதை வைத்து வடிகட்டுவது? அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி ‘இவர் ஏழையா?’ என்பதல்ல, ‘இவர் பென்ஷன் கிரெடிட் வாங்குகிறாரா?’ என்பது. இரண்டும் ஒன்றில்லை என்று அரசுக்கே தெரியும். தகுதி இருந்தும் பென்ஷன் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்காத குடும்பங்கள் 8.8 லட்சம் வரை இருக்கலாம் என்பது அரசே சொன்ன எண். தகுதியுள்ள மூன்று குடும்பத்தில் ஒன்று, கிட்டத்தட்ட. காரணம் ஊகிக்க முடிவதுதான். சிலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சிலர் ‘சொந்த வீடு இருக்கே, நமக்கெல்லாம் தர மாட்டாங்க’ என்று இருந்துவிடுவார்கள். சிலருக்குக் கை நீட்டக் கூச்சம். துணையை இழந்து, கண் மங்கி, காகிதம் என்றாலே அலுத்துப்போன வயது வேறு.

ஆக, யாருக்கும் விட்டுப்போகாத திட்டம் என்று பெயர் வாங்கிய ஒன்றை, மூன்றில் ஒருவருக்கு விட்டுப்போகும் திட்டத்தின் வாசலில் கொண்டுபோய்க் கட்டினார்கள். இப்படி ஒரு டிசைன் என் மேஜைக்கு ரிவ்யூவுக்கு வந்திருந்தால் அன்றே திருப்பி அனுப்பியிருப்பேன்.

எல்லைக்கோடு விழுந்த இடத்தையும் பாருங்கள். 2024-25-ல் தனியாக வாழ்கிறவருக்குப் பென்ஷன் கிரெடிட்டின் அடிப்படை வரம்பு வாரத்துக்கு 218.15 பவுண்ட். அதே வருடம் முழுமையான புதிய அரசு ஓய்வூதியம் 221.20 பவுண்ட். வித்தியாசம் 3.05. அதாவது, வேறு எந்த வருமானமும் இல்லாமல் அரசு ஓய்வூதியத்தை மட்டும் முழுதாக வாங்குகிற ஒருவர், வரம்பை மூன்று பவுண்டில் தாண்டிவிடுகிறார். வருடத்துக்குக் கணக்குப் போட்டால் அவர் கையில் கூடுதலாக இருப்பது 159 பவுண்டுக்கும் கீழே. அதற்காக இழந்தது 200. உடல்நிலை, பராமரிப்புப் பொறுப்பு என்று சிலருக்கு வரம்பு உயரும். அது பொருந்தாதவருக்கு, கொஞ்சம் அதிகம் வாங்குவதே நஷ்டம்.

இழப்பு அதோடு நிற்கவில்லை. பென்ஷன் கிரெடிட் வாசலுக்குள் நுழைந்தவருக்கு வேறு சில உதவிகளும் சேர்ந்து வரும். அதில் ஒன்று ‘கோல்ட் வெதர் பேமென்ட்’. நவம்பர் முதல் மார்ச் வரை, தொடர்ந்து ஏழு நாள் சராசரி வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரி அல்லது அதற்குக் கீழே போனால் 25 பவுண்ட். அஞ்சல் குறியீட்டை வைத்து எந்த வானிலை நிலையம் என்று பார்த்துக் கணக்கிடுவார்கள். குளிர் கடுமையாகும் வாரத்தில் சரியாக வந்து சேரும் உதவி. படிவம் போடாத ஏழைக்கு முன்பும் அது வரவில்லை. 2024-ல் 200-ம் வரவில்லை.

வடிகட்ட ஒரு அளவுகோலைத் தேர்ந்தெடுத்துச் சொதப்பியது இது முதல் முறையும் அல்ல. ஐரோப்பாவில் போய்க் குடியேறிய பிரிட்டிஷ் முதியோருக்கும் இந்தத் தொகை போய்க்கொண்டிருந்தது. ‘ஸ்பெயின் வெயிலில் இருப்பவருக்கு எதற்கு?’ என்ற நியாயமான கேள்வி எழ, 2015-ல் ஒரு விதி வந்தது: தென்மேற்கு இங்கிலாந்தைவிடக் குளிர்காலச் சராசரி வெப்பம் அதிகமுள்ள நாடுகளுக்குக் கிடையாது. ஸ்பெயின், கிரீஸ், சைப்ரஸ் எல்லாம் போயின. பிரான்ஸும் போனது. எப்படி? பிரான்ஸின் சராசரியில் கரீபியக் கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் உள்ள அதன் தீவுகளின் வெப்பத்தையும் சேர்த்துவிட்டார்கள்! ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் பனியில் இருந்தவருக்கு, குவாதலூப்பின் வெயிலைக் காட்டி இல்லையென்றார்கள். ‘குளிர்கிறதா?’ என்பதற்குப் பதிலாக ‘நாட்டின் சராசரி என்ன?’ என்று கேட்டதன் விளைவு. 2024-ல் நடந்ததும் இதே வகைத் தவறுதான்.

இதில் என்னை உண்மையில் உறுத்தியது வேறொரு கணக்கு. தொகையை நிறுத்திய கையோடு, பென்ஷன் கிரெடிட்டுக்கு விண்ணப்பியுங்கள் என்று அரசு பெரிய பிரசாரமும் செய்தது. விண்ணப்பங்களும் குவிந்தன. நல்லதுதான். ஆனால் 2021-22-ல் யாரும் கேட்டு வாங்காமல் கிடந்த பென்ஷன் கிரெடிட் 210 கோடி பவுண்ட் வரை என்று அரசின் மதிப்பீடே சொல்கிறது. குடும்பத்துக்கு வருடத்துக்குச் சுமார் 2,200 பவுண்ட். பிரசாரம் முழு வெற்றி பெற்று, தகுதியுள்ள எல்லாரும் விண்ணப்பித்திருந்தால், 140 கோடி மிச்சம் பிடிக்கப் போய் அதைவிடக் கூடுதலாகச் செலவாகியிருக்கும். ஆக, சேமிப்பு என்று காட்டிய தொகை, பெரும்பாலானவர்கள் அந்தப் படிவத்தைத் திறக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையின் மேல் நின்றது. யாரும் கெட்ட எண்ணத்தோடு இப்படித் திட்டமிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

விளைவும் தெரியாமல் இல்லை. தகுதியிருந்தும் பென்ஷன் கிரெடிட் வாங்காத சுமார் 7.8 லட்சம் பேர் இந்தத் தொகையை இழப்பார்கள் என்று துறையின் சொந்த ஆய்விலேயே இருந்தது. ஒப்பீட்டு வறுமைக்குள் கூடுதலாக 50,000 முதியோர் தள்ளப்படலாம் என்று நவம்பரில் வெளியான துறைக் கணிப்பு சொன்னது.

2025 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் அடி விழுந்தது. ஜூன் 9 அன்று அரசு பின்வாங்கியது. இங்கிலாந்து, வேல்ஸில் தொகை மறுபடியும் எல்லா முதியோருக்கும் போகும். தனிநபர் வருமானம் வருடத்துக்கு 35,000 பவுண்டைத் தாண்டினால் வரி வழியாகத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். சுமார் 90 லட்சம் பேர் பயனடைவார்கள். மிச்சம் 45 கோடி பவுண்டாகச் சுருங்கியது.

இதை அரசியல் தோல்வி என்று எழுதித் தள்ளினார்கள். எனக்கு இது வேறு மாதிரித் தெரிந்தது. வடிகட்டியை எடுத்துவிடவில்லை, இடம் மாற்றியிருக்கிறார்கள். முன்பு பணம் கொடுப்பதற்கு முன்னால் இருந்தது, இப்போது பின்னால். முன்னால் இருந்தபோது ஏழை தன் ஏழ்மையை நிரூபிக்க வேண்டும். பின்னால் இருக்கும்போது, வசதியுள்ளவரின் வருமானம் வரித்துறையிடம் ஏற்கெனவே இருக்கிறது. படிவத்தோடு யாரும் மல்லுக்கட்ட வேண்டாம். 35,000-ல் ஒரு பவுண்ட் கூடினாலும் தொகை போய்விடும் என்ற செங்குத்துச் சரிவு இதிலும் உண்டு. ஆனால் அந்தச் சரிவில் விழுகிறவர் வீட்டில் ஹீட்டர் அணைந்துவிடாது. தவறு நடந்தே தீரும் என்றால் யார் பக்கம் நடக்கலாம் என்று தேர்ந்தெடுப்பதும் டிசைன்தானே.

ஆனாலும் இது முழுத் தீர்வில்லை. 1997-ல் லான்செட் இதழில் வந்த யூரோவிண்டர் ஆய்வு ஒரு விசித்திரத்தைக் காட்டியது: வெப்பநிலை ஒரே அளவு குறையும்போது, மிதமான குளிர்காலம் உள்ள பகுதிகளில்தான் சாவு அதிகம் கூடுகிறது, கடுங்குளிர்ப் பகுதிகளில் அல்ல. வீட்டுக்குள் குளிராக இருப்பதும், வெளியே போகும்போது போதிய உடுப்பில்லாததும் இதோடு சேர்ந்தே காணப்பட்டன. வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரிட்டனின் வீடுகளோ ஐரோப்பாவிலேயே பழையவற்றில் சேரும். சூடு தங்காத சுவருக்குள் வருடாவருடம் 200 பவுண்ட் எரிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. சுவரைச் சரிசெய்வதுதான் நிரந்தர வழி, அதற்கு வருடங்கள் ஆகும். அதுவரைக்கும் குளிர்காலம் காத்திருக்காது.

கடைசியாக ஒன்று. வீட்டு வாடகைக்கு அரசு உதவி பெறும் முதியோர் குடும்பங்களில், பென்ஷன் கிரெடிட்டுக்கும் தகுதி இருக்கக்கூடிய சுமார் 1.2 லட்சம் வீடுகளுக்கு 2024-ல் கடிதம் போனது. யோசித்துப் பாருங்கள். அந்த வீடுகளின் முகவரி அரசிடம் இருக்கிறது. வருமான விவரம் அரசு அமைப்பில் எங்கோ ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. இருந்தும் போனது பணம் அல்ல, ‘விண்ணப்பியுங்கள்’ என்ற கடிதம். இரண்டு டேட்டாபேஸைச் சேர்ப்பது சுலபம் என்று சொல்ல மாட்டேன், அந்த வேலையின் வலி எனக்கும் தெரியும். ஆனால் அந்த வலியை அரசின் பொறியாளர்கள் படலாம். 84 வயதுக்காரர் ஏன் பட வேண்டும்?

200 பவுண்டுக்காகக் குரல் எழுந்தது, திரும்பி வந்தது. குடும்பத்துக்கு 2,200 பவுண்ட் என்ற அந்தப் பெரிய தொகைக்காக அந்த அளவுக்குக் குரல் எழவில்லை. தனக்கு வர வேண்டியது என்று தெரியாதவர் அதற்காகத் தொகுதி எம்.பி.க்குக் கடிதம் எழுத மாட்டார்.