குணமடைய மனம் வாராமை: ஓர் உளவியற் கருத்தும் அதன் தமிழாக்கமும்

மனச்சோர்வுக்கு உளவழிச் சிகிச்சை பெறுவோருள் சிலர், நலம் தென்படத் தொடங்கும் வேளையிலேயே பின்வாங்குவதுண்டு. ‘நானும் அதுவும்’ எனப் பொருள்படும் தலைப்புடைய நூலில் (1923) பிராய்டு இதனை விளக்கினார். முன்னேற்றத்தைப் பாராட்டினால் இத்தகையோரின் நிலை மேலும் மோசமாகிறது; அடியில் இருப்பது நனவிலிக் குற்றவுணர்வு; ஆனால் அவ்வுணர்வு வாய் திறப்பதில்லை, நோயாளி தம்மைக் குற்றவாளியாக உணராமல் நோயாளியாகவே உணர்கிறார் என்பது அவர் கருத்து. 1926இல் சிகிச்சைக்கு எழும் தடைகளை அவர் ஐவகைப்படுத்தியபோது, நோயினால் கிட்டும் ஆதாயத்தையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார்.

1923ஆம் ஆண்டு நூலை 1927இல் ஆங்கிலமாக்கிய ஜோன் ரிவியர் தாமும் ஓர் உளப்பகுப்பாளர். 1936இல் இதே சிக்கலைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதிய அவர், மெலனி கிளைனின் கருத்துகளைத் துணைக்கொண்டு, நோயாளியின் பிடிவாதத்துக்குப் பின்னால் உள்ள அச்சத்தையும் துயரத்தையும் காட்டினார். குணமடைதல் என்பது, அதுவரை மறைந்திருந்த பெருந்துயரை நேருக்கு நேர் காண்பதாக முடியும் என்னும் அச்சம் அது. மொழிபெயர்த்தவரே அக்கருத்தைத் திருத்தி விரிக்கும் இத்தகைய நிகழ்ச்சி மொழிபெயர்ப்பு வரலாற்றில் அரிது.

தமிழாக்கத்தில் இடறுமிடம் ‘எதிர்ப்பு’ என்னும் சொல். பிராய்டு ஆண்ட ‘வீடர்ஷ்டாண்ட்’ என்பது அரசியல் எதிர்ப்பையும் மின்னோட்டத்துக்கு ஏற்படும் தடையையும் ஒருங்கே குறிக்கும் வழக்குச்சொல். தமிழில் இவை இரண்டாகப் பிரிகின்றன. எதிர்ப்பதற்கு ஒரு வினைமுதல் வேண்டும். எதிரே ஓர் ஆளும் வேண்டும். ‘நோயாளி எதிர்ப்புக் காட்டுகிறார்’ என்று எழுதியவுடன் அவர் மருத்துவரின் எதிராளியாகிவிடுகிறார். ‘தடை’ அவரைக் குற்றஞ்சாட்டுவதில்லை. ஆகவே அதுவே ஏற்றது. (‘மின்தடை’ பாடநூலில் ஒரு பொருளும் நாளேட்டில் வேறொரு பொருளும் தருவது இங்கு இடையூறாகாது.)

எனினும் நோயாளி தாமே உணர்ந்து சொல்லும் தயக்கத்துக்குத் ‘தடை’ பொருந்தாது. அதற்குத் தமிழில் ஆயத்தமாகவே ஒரு தொடர் உண்டு: ‘எனக்கு இதை விட மனம் வரவில்லை.’ இத்தொடரில் எழுவாய் ‘மனம்’. பேசுபவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். ‘நான் மறுக்கிறேன்’ என்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். மறுப்பவர் செய்கிறார், மனம் வாராதவருக்கு அது நேர்கிறது. மேலும், இத்தொடர் பெரும்பாலும் பழகிய வீட்டையோ நெடுநாள் துணையையோ பிரிவது பற்றியே வருவது. பல்லாண்டு உடனிருந்த சோர்வை விடத் தயங்குபவரின் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான தொடர் அரிது. வழக்குக் குறிப்புகளில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுவது இவ்வேறுபாட்டை அழித்துவிடுகிறது. அடுத்து வரும் சிகிச்சையாளர் அக்குறிப்பைக் கொண்டே நோயாளியை அணுகுவார்.

ஆனால் பிராய்டின் கலைச்சொல்லுக்கு இதனை ஈடாக்குதல் தவறு. மனம் வரவில்லை என்பவர் அதை அறிந்தே சொல்கிறார்; பிராய்டு கூறியதோ நோயாளி அறியாதது. இரண்டுக்கும் இரு சொற்கள் தேவை.

‘மீட்சி’ என்பதும் ஆராயத்தக்கது. மீள்வதற்கு முன்பிருந்த ஓர் இடம் வேண்டும். இளமையிலேயே சோர்வு தொடங்கியவருக்கு அத்தகைய இடம் நினைவில் இல்லை. அவருடைய தயக்கத்தில் ஒரு பகுதி இதுவே. ‘தேறுதல்’ பழைய இடம் எதனையும் கேட்பதில்லை. உடல் தேறுவதையும் உள்ளம் ஆறுதல் பெறுவதையும் சேர்த்தே குறிக்கிறது. அதன் பிறவினையாகிய ‘தேற்று’ சிகிச்சையாளர்க்குரிய வினையாகவும் அமைகிறது. ‘குணமாக்கு’ என்பதில் உள்ள அதிகாரம் அதில் இல்லை. எதிர்மறையில் மட்டும் விழிப்பு வேண்டும். ‘தேறவில்லை’ என்பது நிலையைச் சொல்லும். ‘தேறமாட்டார்’ என்பது பேச்சுவழக்கில் ஆளையே கைவிடும் தீர்ப்பு.