துறத்தலும் நீத்தலும்

துறத்தல், நீத்தல், விடுதல் என்பன ஒருபொருட் கிளவிகளாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகின்றன. ஆயின் விடுபவர் யார், விடப்படுவது யாது என நோக்காது பொருள்கோடல் பிழையாம். திருக்குறளின் 35ஆம் அதிகாரத்தில் துறத்தல் அறம். 116ஆம் அதிகாரத்திலோ தலைவன் துறந்தமை தலைவிக்குத் துயர்.

திருவாசகத்து ‘நீத்தல் விண்ணப்பம்’ இவ்வகையில் ஆராயற்பாலது. ‘பிரபஞ்ச வைராக்கியம்’ என்று இதற்குக் கூறப்படும் கருத்து, அடிகள் உலகை நீத்தற்கே வேண்டினார் போலும் என மயங்க இடந்தரும். (தலைப்பை மட்டும் மனனஞ்செய்யும் மாணாக்கர்க்கு இம்மயக்கம் எளிதில் நேரும்.) 50 பாட்டுக்களிலும் கேட்பதோ, இறைவன் தம்மை விட்டுவிடுவனோ என்னும் அச்சக்குரல். ஆதலின் அது நீத்தலை வேண்டும் விண்ணப்பமன்று. நீத்தல் வேண்டாவென்னும் விண்ணப்பமேயாம். எனினும் அக்கருத்துரையை முற்றத் தள்ளுதலுந் தகாது. உலகை விட்டவர்க்கு இறைவனும் விடுவானாயின் வேறு புகல் யாது?