சமூகம்சார் பராமரிப்பில் சமூகம் எங்கே?: காப்சி ஆய்வைக் காரிமங்கலத்திலிருந்து வாசித்தல்

ஆய்வுச்சுருக்கம்

மனச்சிதைவு நோயுற்றோரை நிறுவனங்களில் ஒதுக்கிவைக்காமல் அவர்தம் ஊரிலேயே பராமரிக்க வேண்டும் என்பது இன்று சட்டமும் மருத்துவமும் ஏற்றுக்கொண்ட கொள்கையாகும். இக்கொள்கைக்கு இந்தியாவில் கிடைத்த முதன்மையான சான்றுகளுள் ஒன்றான காப்சி ஆய்வை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. பயிற்சி பெற்ற களப்பணியாளரும் அணுகத்தக்க மருத்துவரும் ஒருங்கே அமைந்தமையே அவ்வாய்வின் பயனுக்கு அடிப்படை. அவ்விரண்டும் இல்லாத இடத்தில் 'சமூகம்' என்னும் சொல் குடும்பத்தை மட்டுமே குறிப்பதாகச் சுருங்குகிறது என்பது இதன் வாதம். தருமபுரி மாவட்டத்துக் காரிமங்கலம் வட்டாரம் இவ்வாதத்துக்கு உரைகல்லாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மனச்சிதைவு, சமூகம்சார் பராமரிப்பு, காப்சி, குடும்பச் சுமை, காரிமங்கலம்.

முன்னுரை

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நேர்ந்த தீ விபத்தில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலரை அங்குக் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்தம் குடும்பத்தினரே. ஊருக்கு அருகில் சிகிச்சை கிட்டாத நிலையில் குடும்பம் எங்குச் சென்று சேர்கிறது என்பதை அந்நிகழ்வு உலகுக்குக் காட்டியது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்கு விடைகாண முற்பட்டது. சமூகத்தில் வாழும் உரிமையை அதன் 19ஆம் பிரிவு வழங்குகிறது. குடும்பம் இல்லை என்பதாலோ, குடும்பம் ஏற்க மறுக்கிறது என்பதாலோ, சமூகம்சார் வசதிகள் இல்லை என்பதாலோ ஒருவரை மனநல நிறுவனத்தில் தொடர்ந்து வைத்திருத்தல் கூடாது என்கிறது. எனினும் நிறுவனத்தை விட்டு வெளிவரும் ஒருவரை ஏற்கவேண்டிய 'சமூகம்' எது என்னும் வினாவுக்கு ஆய்வுகளைக் கொண்டே விடை தேடவேண்டியுள்ளது.

காப்சி ஆய்வின் அமைப்பும் முடிவும்

'இந்தியாவில் மனச்சிதைவு நோயாளருக்கான சமூகப் பராமரிப்பு' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கப் பெயரே காப்சி. இதன் முடிவுகள் 2014இல் லான்செட் இதழில் வெளிவந்தன. தமிழ்நாட்டின் காஞ்சிபுரம், மகாராட்டிரத்தின் சதாரா, கோவா ஆகிய மூன்று களங்களில் 282 நோயாளர் இதில் பங்கேற்றனர். மருத்துவரிடம் பெறும் வழக்கமான சிகிச்சையோடு சமூகப் பராமரிப்பும் சேர்த்துப் பெற்றோர் 187 பேர். வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றோர் 95 பேர். இரு பிரிவினரும் 12 மாதங்களுக்குப் பின் ஒப்பிடப்பட்டனர்.

சமூகப் பராமரிப்பை அளித்தோர் மருத்துவப் பட்டம் பெறாத உள்ளூர்க் களப்பணியாளர்கள். வீடு தேடிச் சென்று நோயைப் பற்றி விளக்குதல், மருந்து தவறாமல் பார்த்துக்கொள்ளுதல், உடல்நலம் பேணத் தூண்டுதல், வேலைக்கும் அன்றாட வாழ்வுக்கும் மீளத் துணைநிற்றல், அரசு உதவிகளைப் பெற வழிகாட்டுதல் ஆகியன அவர்தம் பணிகள். மனநல மருத்துவரும் மனநலச் சமூகப் பணியாளரும் அவர்களை மேற்பார்வையிட்டனர்.

முடிவுகளை நிதானித்து வாசிக்கவேண்டும். நோய்க்குறி அளவுகோலில் சமூகப் பராமரிப்புப் பிரிவினரின் சராசரி 3.75 புள்ளிகள் குறைந்திருந்தது. ஆயினும் அவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதிப்படவில்லை. இயலாமை அளவுகோலில் 0.95 புள்ளி குறைந்தது, இது உறுதிப்பட்டது. நோய்க்குறியிலோ இயலாமையிலோ 20 விழுக்காட்டுக்கு மேல் குறைவு கண்டோரின் விகிதத்தில் இரு பிரிவுக்கும் வேறுபாடில்லை. பராமரிப்போரின் சுமையிலும் அவமான உணர்விலும் தெளிவான மாற்றம் தென்படவில்லை. தமிழ்நாட்டு ஊரகக் களத்தில் மட்டும் நோய்க்குறி 9.29 புள்ளிகள் குறைந்து, வேறுபாடு ஐயத்துக்கிடமின்றி வெளிப்பட்டது.

பயன் விளைந்த இடம்

இவ்வேறுபாட்டைக் கொண்டு, சேவைகள் அருகியுள்ள ஊரகங்களில் தொடக்கச் சேவையாக இம்முறையை நடைமுறைப்படுத்தலாம் என ஆய்வாளர்கள் பரிந்துரைத்தனர். இப்பரிந்துரை ஆய்வின் அமைப்போடு முழுதும் பொருந்துவதாக இல்லை. ஆய்வில் இரு பிரிவினருக்கும் மருத்துவர் இருந்தார், மருந்து இருந்தது. தமிழ்நாட்டுக் களத்தில் பணியை மேற்கொண்டது, 1984இல் மருத்துவர் சாரதா மேனனால் நிறுவப்பட்ட ஸ்கார்ஃப் அமைப்பாகும். ஆகவே, கிடைத்துக்கொண்டிருக்கும் சிகிச்சையோடு களப்பணியாளரைச் சேர்த்தால் கூடுதலாக என்ன கிட்டும் என்பதையே ஆய்வு அளந்தது. மருத்துவரும் மருந்தும் இல்லாத ஊரில் களப்பணியாளர் மட்டும் சென்றால் என்ன விளையும் என்பதை அது அளக்கவில்லை.

கால அளவும் கருதத்தக்கது. மனச்சிதைவு பல பத்தாண்டுகள் நீளக்கூடிய நோய். முதன்முறை நோயுற்ற 90 பேரை 1980களின் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்த சென்னை நெடுங்கால ஆய்வு இதற்குச் சான்றாகும். 12 மாத ஆய்வு, களப்பணியாளர் விலகிய பின்னர் வரும் ஆண்டுகளைப் பற்றி எதுவும் கூற இயலாது.

குடும்பம் என்னும் மறைபொருள்

களப்பணியாளர் விலகினால் எஞ்சுவது குடும்பம். வளரும் நாடுகளில் மனச்சிதைவு எளிதில் தணிகிறது, அதற்குக் கூட்டுக்குடும்பமே காரணம் என்னும் கருத்து, ஆக்ராவும் சண்டிகரும் இடம்பெற்ற உலக சுகாதார நிறுவன ஆய்வுகளுக்குப் பின் வேரூன்றியது. கோஹன், படேல், தாரா, குரேஜே ஆகியோர் 11 நாடுகளின் 23 நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியிட்ட கட்டுரை இக்கருத்தை வலுவாகக் கேள்விக்குட்படுத்தியது. இந்நால்வருள் படேலும் தாராவும் பின்னர்க் காப்சி ஆய்வின் ஆசிரியர்களாகவும் இருந்தனர் என்பது நோக்கத்தக்கது.

தாராவும் பிறரும் மணமுறிவுற்ற, மனச்சிதைவு நோயுள்ள 76 பெண்களைச் சென்னையில் ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. கணவனால் கைவிடப்பட்ட இப்பெண்களில் பெரும்பாலோர் பிறந்த வீட்டில் முதிய பெற்றோரின் பொறுப்பில் இருந்தனர். தமக்குப்பின் இவளை யார் பார்ப்பார் என்பதே அப்பெற்றோரின் தீராக் கவலை. 'சமூகம்' என ஆவணங்கள் குறிப்பிடுவது, நடைமுறையில், மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் ஒரு தாயின் கையாகவே பெரிதும் இருக்கிறது. பராமரிப்போரின் சுமை மாறவில்லை என்னும் காப்சியின் முடிவை இதனோடு இணைத்து வாசிக்கவேண்டும்.

காரிமங்கலம்: ஓர் உரைகல்

தருமபுரிக்கும் கிருட்டிணகிரிக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த வட்டத் தலைநகர் காரிமங்கலம். மழையை நம்பிய வேளாண்மையும், பெங்களூரு, ஓசூர் முதலிய இடங்களுக்குக் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் பெயர்தலும் இவ்வட்டாரத்து வாழ்வின் இயல்புகள். உழைக்கும் வயதினர் வெளியூரில் இருக்க, முதியோரும் சிறாரும் ஊரில் தங்கும் வீடுகளில் தொடர் பராமரிப்பை யார் ஏற்பது என்பது எளிய வினாவன்று. கூலிக்குச் செல்பவர் நோயாளரை மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதாயின் ஒருநாள் கூலியை இழக்கவேண்டும். இருவர் பேருந்துக் கட்டணமும் அதனோடு சேரும். மருந்து நின்றுபோவதற்கு அறியாமையினும் இக்கணக்கே பெருங்காரணமாதல் கூடும்.

சட்டமும் இத்தொலைவை முழுதும் குறைக்கவில்லை. இன்றியமையா மருந்துகள் கட்டணமின்றிக் கிடைக்கவேண்டும் என்னும் அதன் விதி, சமுதாய சுகாதார நிலையத்திலிருந்து மேல்நோக்கியே தொடங்குகிறது. சிற்றூருக்கு அணித்தான ஆரம்ப சுகாதார நிலையம் அவ்வரம்புக்குக் கீழே நின்றுவிடுகிறது.

தொலைவைக் கடக்கும் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஸ்கார்ஃப் அமைப்பு 2010இல் தொடங்கிய தொலைமனநலத் திட்டத்தில், பேருந்து ஒன்றே ஆலோசனை அறையாகவும் மருந்தகமாகவும் ஊர்களுக்குச் சென்றது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கப்பெற்றதோ கிருட்டிணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில். 2004 வரை அப்பகுதி தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்ததே. உயர் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மகளிர் தன்னார்வலர் வீட்டுக்கே மருந்து கொண்டுசேர்க்கும் ஏற்பாடு அது. அதே வழியில் மனச்சிதைவுக்கான மருந்தும் செல்லலாகும். ஆனால் காப்சி காட்டிய பயன், மருந்தைக் கொண்டுசேர்த்ததால் மட்டும் விளைந்ததன்று. பயிற்சியும் இடையறாத மேற்பார்வையும், ஒரு வீட்டில் அமர்ந்து பேசுவதற்கான நேரமும் அதற்குத் தேவைப்பட்டன. இவற்றுக்குரிய ஊதியமின்றிப் பணியை மட்டும் ஏற்றினால், குடும்பத்துப் பெண்ணின் சுமையைத் தன்னார்வலப் பெண்ணும் பகிர்ந்து சுமப்பதே எஞ்சும்.

முடிவுரை

காப்சி ஆய்வு சமூகம்சார் பராமரிப்புக்கு எதிரான சான்றன்று. பட்டம் பெறாத உள்ளூர்ப் பணியாளர், தக்க துணை இருப்பின், நோயாளரின் இயலாமையைக் குறைக்க இயலும் என அது மெய்ப்பித்துள்ளது. அத்துணையை விலக்கி, ஆய்வின் பெயரை மட்டும் சுட்டித் திட்டம் வகுப்பதே பிழையாகும். காரிமங்கலம் போன்ற வட்டாரத்தில் ஒரு திட்டத்தைச் சமூகம்சார் பராமரிப்பு என அழைக்குமுன் மூன்றினை வினவவேண்டும்: நடந்து செல்லும் தொலைவில் மருந்து உண்டா? களப்பணியாளருக்கு ஊதியமும் மேற்பார்வையும் உண்டா? பெற்றோரின் காலத்துக்குப்பின் நோயாளருக்கு உறைவிடம் உண்டா? இம்மூன்றுக்கும் விடை இல்லையெனில், அங்கே 'சமூகம்' எனப்படுவது ஒரு குடும்பத்தின் தனிமைக்கு இடப்பட்ட வேறு பெயரே ஆகும்.